மெத்தை வைத்த பல்செட்டும் ப்ளீச் பாட்டிலும்

எந்தக் கறையும் என்னிடம் தோற்றுத்தான் ஆக வேண்டும். நான் சலவைக் கடைக்காரன். மை, துரு, மாப்பிள்ளை சட்டையில் ஒட்டிய லிப்ஸ்டிக், எல்லாம் பார்த்தவன். அப்பேர்ப்பட்டவன் வாயில் காப்பிக் கறை பிடித்த பல்செட்டு இருக்கலாமா? ப்ளீச்சில் ஊற வைப்பது என்று முடிவெடுத்தேன்.

கீழ்ப் பல்செட்டு அது. பழையது ஈறை அரைத்து எடுத்துவிட்டதால், உள்பக்கம் மெத்தென்று ஒரு பூச்சு வைத்துப் புதிதாகச் செய்து தந்திருந்தார் பல் டாக்டரம்மா. அதன் பிறகுதான் மென்று தின்கிறேன், வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

"உங்க ஈறு ரொம்பத் தேஞ்சு போச்சு. இந்த மெத்தைதான் உங்களுக்குக் கதி. ப்ளீச், வெந்நீர் எதுலயும் போட்டுடாதீங்க. கெட்டியாயிட்டா அப்புறம் எல்லாத்தையும் கரைச்சுக் குடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

என் மனைவிக்கு அது மனப்பாடம்.

"ஏங்க, டாக்டர் வேண்டாம்னாங்களே."

"அவங்களுக்குப் பல்லு தெரியும். கறையைப் பத்தி என்ன தெரியும்?"

"மெத்தை வெறைச்சுப் போச்சுன்னா?"

"எத்தனை மெத்தை உறை வெளுத்திருக்கேன். எது வெறைச்சுது?"

"உறையை யாரும் வாயில மாட்டிக்கிறதில்லையே."

"எதிர்த்துப் பேசாதே."

அவளும் பேசவில்லை. அவள் வாயை மூடினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் படுக்கும் முன் குளியலறை அலமாரியிலிருந்து ப்ளீச் பாட்டிலை எடுப்பேன். முகர்ந்து பார்ப்பேன். கிண்ணத்தில் ஊற்றிப் பல்லைப் போடுவேன். காலையில் பளிச்சென்று இருக்கும்.

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். கைராசிங்க உங்களுக்கு."

கைராசிக்காரன் சும்மா இருப்பானா? பக்கத்துக் கடை டெய்லருக்கும் அதே டாக்டர் வைத்த அதே மாதிரி பல்செட்டு. அவரிடம் என் வித்தையை அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவர் பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். பேச்சில் பாதி காற்றுதான் வந்தது.

"அண்ணே, உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மெத்தை வெளிறி, மரக்கட்டையாகக் கிடந்தது. அவசரமாக என் பல்லைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே திமிரும் வந்தது.

"அளவு தெரியாம ஊத்தியிருப்பீங்க. கைப்பக்குவம் வேணும்."

டெய்லர் விடவில்லை. டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். சும்மா துணைக்கு என்று என் மனைவியும் வந்தாள்.

டாக்டரம்மா முதலில் என் பல்லை அழுத்திப் பார்த்தார்.

"புதுசு மாதிரியே இருக்கே. எதுல ஊற வைக்கிறீங்க?"

"ப்ளீச்சுல" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார்.

"பச்சைத்தண்ணி டாக்டர். அன்னிக்கே பாட்டிலைக் கழுவித் தண்ணி ஊத்தி வச்சுட்டேன். மூடிக்கு மேல மட்டும் ஒரு சொட்டு ப்ளீச் தடவுவேன். வாடை வரலைன்னா இவர் நம்ப மாட்டார்."

"அப்போ கறை போனது?" என்றேன்.

"நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள சோப்புத் தண்ணியில மெல்லிசு பிரஷ்ஷால தேய்ச்சு வச்சிருவேன். மெத்தைப் பக்கம் விரலாலதான்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாடையை வைத்தே கறையின் ஜாதகம் சொல்லும் என் மூக்கை ஒரே சொட்டில் கவிழ்த்திருக்கிறாள். என் சோற்றையும் சிரிப்பையும் காப்பாற்றிவிட்டு, கைராசி என்று என்னையே புகழ்ந்தும் இருக்கிறாள். இவளுக்கு வாழ்க்கைப்பட்டதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

டெய்லருக்கு ஆற்றாமை. "அண்ணி, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க இவர் பேச்சைக் கேப்பீங்கன்னு நான் நினைக்கலையே."

அவருக்கு ஈறு கெட்டியாக இருந்ததால் மெத்தையை மாற்றி வைத்துத் தருவதாக டாக்டரம்மா சொன்னார். நான் மரியாதையை மீட்கும் எண்ணத்தில் தொண்டையைச் செருமினேன்.

"அடுத்த செக்கப்புக்கு நான் எப்ப வரட்டும் டாக்டர்?"

"நீங்க எதுக்கு? பல்லை வீட்டம்மாகிட்ட குடுத்து அனுப்புங்க, போதும்."