மயில்மீனின் கண் என் பங்கு

“…தோகை முடிஞ்சிட்டு, வயித்துக் கோடும் முடிஞ்சிட்டு. இனிமே கண்ணு ஒண்ணுதான். சொல்லுங்க சார், கண்ணு என்ன கலர்ல இருந்திச்சு?” என்று தூரிகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார் செதில் டீச்சர்.

சாயங்கால ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதில் போகவேண்டிய மெட்ராஸ் அதிகாரி வெளியே வராந்தாவில் செருப்பு தேய நடந்துகொண்டிருந்தார். மேஜையில் இருந்த படத்தில், முதுகில் மயில்போல் தோகை விரித்து ஒரு மயில்மீன் பாய்ந்துகொண்டிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டம் என் பங்கு.

எப்படி என் பங்காயிற்று என்று சொல்வதற்கு முன் டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். உலகத்தில் மீனைப் பிடிக்கிறவர்கள், விற்கிறவர்கள், தின்கிறவர்கள் என்று மூன்று வகை உண்டென்றால், நாலாவது வகைக்கு இவர் ஒருவர்தான்: மீனுக்கு மரியாதை செய்கிறவர். நாசரேத்துப் பக்கம் டிராயிங் டீச்சராக இருந்தவர். எழுபதுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு, மீன்களைப் பற்றி ஆராயும் எங்கள் ஆபீசுக்குப் படம் வரைய வந்தார். ஒரு பொம்பளை சம்பளம் வாங்கிக்கொண்டு மீன் வரைவதைத் தூத்துக்குடி அதற்கு முன் பார்த்ததில்லை. வரைவதற்கு முன்னால் குண்டூசியால் தொட்டுத் தொட்டு மீனின் செதில்களை எண்ணுவார்; செதில் டீச்சர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து. அவர் மேஜையைக் கடக்கும்போது நாங்கள் தும்மலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் தும்முவோம்.

மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே மீன்காரிகளுக்குக் கொண்டாட்டம். “ஏளா, டீச்சர் வாராவ, மீனுக்கெல்லாம் பவுடர் போட்டு வையி” என்பார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறப்பார். நிறங்களுக்கு இங்கிலீஷ் பெயர் அவருக்குப் பிடிக்காது. மீன்காரிகள் சொல்வதைத்தான் அப்படியே எழுதிக்கொள்வார். ‘விளக்கு துலக்குன மறுநாள் மஞ்சள்’, ‘சாயம் போன பள்ளிக்கூடப் பாவாடை நீலம்’ என்று அந்த நோட்டு முழுக்க இருக்கும். ஒருநாள் ஜவுளிக்கடையில் போய், நேற்றுச் செத்த சாளை மீனின் முதுகு நிறத்தில் ஜாக்கெட் துணி கேட்டிருக்கிறார். கடைக்கார அண்ணாச்சி நிதானமாக, “நாத்தமும் சேத்து வேணுமா டீச்சர்?” என்றாராம்.

அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே ஓட்டம். கரைக்கு வந்த மீனின் நிறம் கண்முன்னே வடிந்துபோகும் என்பதால், மீன்பிடி வல்லம் ஒதுங்கும் இடத்துக்கு மில்லர்புரத்திலிருந்து சைக்கிளில் பறந்து வருவார். மேலே சேலை, உள்ளே தம்பியின் காக்கி பேண்ட். அவர் பதறுகிற பதற்றத்தில் எனக்கு ரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் மெட்ராஸ் அதிகாரி ஒரு மீன் புத்தகத் திட்டத்தோடு வந்தார். நாற்பது மீன்கள், எல்லாம் கலரில். நாற்பதையும் வரையத் தனக்கே தரும்படி டீச்சர் கேட்டார். மெட்ராசில் ஒரு ஓவியர் பாட்டிலில் ஊறிய மீனைப் பார்த்தே மளமளவென்று வரைந்து தள்ளுகிறாரே, நீங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று அதிகாரி கேட்டார்.

“செத்தவன பாட்டில்ல போட்டு வச்சிட்டுக் கல்யாணப் படம் வரையச் சொல்லுதீயளே சார்” என்றார் டீச்சர்.

அதிகாரியின் முகம் சிவந்தது. சரி, மயில்மீனை உயிர் நிறத்தில் வரைந்து காட்டட்டும், நாளைச் சாயங்காலம் ரயிலுக்கு முன் படம் கைக்கு வரவேண்டும், வந்தால் நாற்பதும் டீச்சருக்கு, இல்லையென்றால் மெட்ராசுக்கு என்று சொல்லிவிட்டார். மயில்மீன் கரைக்கு வரும்போது வெறும் சாம்பல். அதன் நீலத்தைப் பார்க்கவேண்டுமென்றால் நடுக்கடலுக்குத்தான் போகவேண்டும். ஆபீஸ் சார்பில் ஒருவர் கூடப் போகவேண்டும் என்று கிளார்க்கான என்னைக் கைகாட்டினார்கள். நான் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். தலையில் ரெண்டு சொம்புத் தண்ணீர் சேர்ந்தாற்போல் ஊற்றினாலே மூச்சு முட்டுகிற ஆள்.

விடியற்காலையில் வல்லத்துத் தண்டல் தலையைச் சொறிந்தார். தண்டல் என்றால் வல்லத்துக்குத் தலைவர். “பொம்பள ஏறுன வல்லத்துல மீனு ஏறாதுன்னு சொல்லுவாவ டீச்சர்.”

“வல்லத்துக்கு மாதா பேர எழுதி வச்சிருக்கீய. அவுக ஆம்பளயா அண்ணாச்சி?”

தண்டல் ஏறுவதற்குப் பலகையைப் போட்டார்.

கரை மறைந்ததும் நான் வல்லத்தின் விளிம்பில் கவிழ்ந்துகொண்டேன். டீச்சர் மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து, ஒன்றை மோந்துகொண்டே இருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார். மீன் மேலே வந்தபின் மாதா கோவிலில் சொல்லுகிற பரலோக மந்திரத்தை இரண்டு முறை சொல்லி முடிக்கிற நேரம்தான் நிறம் நிற்கும் என்று தண்டல் சொல்லியிருந்தார். அதற்குள் வரைய முடியாது, பார்க்கத்தான் முடியும். ஒரே ஆள் முழு மீனையும் பார்த்தால் எல்லாம் கலங்கிவிடும். ஆகவே பங்கு பிரித்தார். தோகை தண்டலுக்கு. வயிற்றுக் கோடு, கூட வந்திருந்த தண்டலின் மச்சானுக்கு. முதுகு தனக்கு. எனக்குச் சின்னதாக இருக்கட்டும் என்று கண்.

“வேற எங்கயும் பாக்காதீய சார். கண்ணு மட்டுந்தான் ஒங்க பங்கு.”

உச்சி வெயிலுக்குச் சற்று முன் தூண்டில் கயிறு விறைத்தது. ஆளுயரத்துக்கு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. வல்லத்தின் ஓரத்துக்கு இழுத்தபோது அதன் ஈட்டி மூக்கு என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வீசிப் போயிற்று. தண்டல் ஏதோ கத்தினார். டீச்சர் முட்டி போட்டு முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றையும் பார்க்கவில்லை. மீனின் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள், நான் என் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மீன் சாம்பலாகக் கிடந்தது, அதன் கண்ணில் பால் படர்ந்திருந்தது. என் கையில் எலுமிச்சம்பழத்தின் தோல் மட்டும் இருந்தது.

தண்டலையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்ததும் டீச்சர் சாயம் குழைத்தார். சப்பரத்துக்குப் போர்த்துகிற நீலப் பட்டு மழையில் நனைந்தால் எப்படி இருக்கும், அதுதான் தோகை என்றார் தண்டல். டீச்சர் நீலத்தைத் தொட்டு வைத்தார்.

“இன்னும் நனையல டீச்சர்.”

இன்னும் கொஞ்சம் சேர்த்தார்.

“ஆங், இப்பம் நனஞ்சிட்டு.”

புதுத் துறைமுகத்தில் வெல்டிங் பற்றவைக்கும்போது கண்ணைக் கூசுமே, அதுதான் கோடு என்றார் மச்சான். அதுவும் வந்தது. அப்புறம்தான் தூரிகை என் பக்கம் திரும்பியது.

கறுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பாக்கல டீச்சர். பயத்துல கண்ண மூடிட்டேன்” என்று வந்தது.

தண்டல்தான் எனக்காக இரங்கினார். “ஒரு கறுப்புப் பொட்டு வச்சி விடுங்க டீச்சர். மெட்ராஸ்காரருக்கு என்ன தெரியும்?”

“மீனுக்குத் தெரியுமே அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

கண்ணில்லாத மயில்மீனை அதிகாரி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். நாற்பதில் பத்தை டீச்சருக்கு விட்டுவிட்டு, முப்பதை மெட்ராசுக்குக் கொண்டுபோனார். அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பத்து மீன்கள் நீந்துகின்றன, மற்ற முப்பதும் இன்னும் பாட்டிலிலேயே இருக்கின்றன. இத்தனைக்கும் அன்றைக்கு அதிகாரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலுக்குப் போன கிளார்க் என்ன பார்த்தான் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதபடி டீச்சர் செய்துவிட்டார்.

மீனுக்குத் தெரியும் என்று சொன்ன கையோடு அவர் தூரிகையைக் கழுவினார். பென்சிலை எடுத்தார். வெள்ளை வட்டத்துக்குக் கீழே, செதில் எண்ணுகிற அதே நிதானத்தோடு, ‘கண்ணின் நிறத்தை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு, என் கையைப் பிரித்து, மடியில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை அதில் வைத்து மூடினார்.