பொன்தியாவுக்கு முன்னால் எரிந்த பல்பு

சூலியா தெருவில் அவரைவிடச் சத்தமில்லாமல் வாழ்ந்த மனிதர் யாருமில்லை. ஆணி அடித்தாலும் ஆணிக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து அடிப்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் தெரு வைத்த பெயர் கத்தலான்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. பக்கத்தில் நான் பஸ் டிக்கெட் விற்றேன்; எனக்கு அவர் அண்ணே. மாடி ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஊர் திரும்பும்போது அவருக்கு ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் இருப்பவர்கள் எல்லோரும் கத்தலான்களாம். ஸ்பெயினில் தனி மொழி பேசும் ஜனம். ஓவியர், கால்பந்து வீரர், நாட்டைவிட்டு ஓடிய அரசியல்வாதி, வானொலியில் செய்தி வாசிக்கும் அம்மா என்று மாதத்துக்கு ஒரு பிரபலம். அண்ணே அத்தனை பேரையும் சட்டம் போட்டு மாட்டினார்; அன்றிலிருந்து தெருவுக்கு அவரும் கத்தலான். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பெயர்களை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்.

செத்தவர்களுக்குக் குங்குமப் பொட்டும் சிவப்பு பல்பும். உயிரோடு இருப்பவர்களுக்கும் பல்பு உண்டு. தளர்த்தி வைத்திருப்பார், வேளை வந்தால் ஒரு திருகு போதும். கல்யாணப் படத்தோடு வரும் மாப்பிள்ளைகள், "அண்ணே, எங்களுக்கு பல்பு வேணாம்லா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளேயே வருவார்கள்.

அந்தப் பெண் அவர் போனில் அந்த ஊர் வானொலியையும் வைத்துக் கொடுத்திருந்தாள். இங்கே மத்தியானச் சாப்பாடு முடியும்போது அங்கே காலைச் செய்தி. அந்த அம்மாவின் முதல் வார்த்தை, "பொன் தியா." அதுதான் அவர் பெயர் என்று அண்ணே முடிவு கட்டிவிட்டார். எழுந்து நின்று, "வணக்கம் பொன்தியாம்மா" என்பார்.

"என்னாண்ணே புரியுது?"

"புரிஞ்சி என்னா பண்ண தம்பி? நல்லாருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்லா."

அவர் தனிக்கட்டை. தினமும் அவரைத் தேடி வந்த குரல் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் பொன்தியா படத்தின் முன்னால் பல்பு தானாக எரிந்தது. வானொலியில் வந்தது ஓர் ஆண் குரல்.

வயர்மேன் சேகர் வந்தான். "லூஸ் கனெக்‌ஷன்லா அண்ணே" என்று பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அவ்வளவு நேரம் எரிந்த பல்பு சில்லென்று இருந்தது.

மறுநாளும் ஆண் குரல். அடுத்த நாளும். அண்ணே சாப்பாட்டை விட்டார். 'பொன் தியா' என்று போனில் தேடினேன். ரோஜாவும் மல்லிகையும் சூரியனுமாகப் படங்கள் கொட்டின.

"பூவாப் போட்டிருக்காங்களே தம்பி" என்று சுவரில் சாய்ந்தவர், குங்குமச் சிமிழைத் திறந்தார். "வெச்சிடட்டா?"

"நாளைக்குப் பாப்போம்ணே." இப்படியே நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், இருமலோடு, "பொன் தியா."

"வணக்கம்மா!" அன்றுதான் அண்ணே தன் பெயருக்கு ஏற்றபடி கத்தினார். எதிர்வரிசைக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். கையிலிருந்த சிமிழ் விழுந்து தரையெல்லாம் குங்குமம்.

பொன் தியா என்றால் அவர்கள் மொழியில் காலை வணக்கம் என்று பின்னால் வந்த ஒரு கத்தலான் பயணி எனக்குச் சொன்னார். நான் அண்ணேயிடம் சொல்லவில்லை. அவர் பதில் சரியாகத்தானே இருந்தது.

போன வருஷம் அண்ணே போய்விட்டார். டிக்கெட்டோடு அவர் கடையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். பொன்தியா பக்கத்தில் அவர் படத்தை மாட்டிப் பொட்டு வைத்தோம். சேகர் புது ஹோல்டர், புது பல்பு போட்டான். டெஸ்டரில் கரண்ட் காட்டுகிறது, பல்பு எரியவில்லை.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"எரிய வேணாம், விடுடா" என்றேன்.

மத்தியானம் அவர் போனை எடுத்து வானொலி போடுகிறேன். பொன் தியா வந்ததும் பதில் வணக்கம் என் வாய்வரை வரும். சொல்வதில்லை. அது அண்ணே சொல்ல வேண்டியது; சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.