இடது பக்கம் இன்னும் கொஞ்சம்

வலது கிருதாவைவிட இடது கிருதா கொஞ்சம் இறங்கியிருந்தது. நாகூர் மீரான் இடது பக்கத்தை ஓர் இழுப்பு இழுத்தான். இப்போது வலது இறங்கித் தெரிந்தது.

"கண்ணாடிக்குள்ள யாரைத் தேடுதிய?" அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி சாயிரா கேட்டாள்.

"சும்மா இரு புள்ள. சமப்படுத்திக்கிட்டு இருக்கேன்."

தன் முகத்தைத் தானே வழிப்பது அவனுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் தெருமுனை சலூனில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தால் மற்றதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் நேற்று ராத்திரி ஏஜென்ட் சலாவுதீன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்:

"துபாய் முதலாளி நேர்லயே வந்திருக்காரு. நாளைக்குக் காலையில செம்பூர் ஆபீஸுக்கு வந்துடு. கடை வேலை, ஏசி. ஆளு பளிச்சுனு இருக்கணும், ஆமா."

இன்றைக்குத் திங்கட்கிழமை. பம்பாயில் திங்கட்கிழமை சலூன் திறக்காது. விடிந்ததும் மளிகைக் கடைக்குப் போய், இருந்ததிலேயே மலிவான ரேசர் ஒன்றும் பிளேடு ஒன்றும் வாங்கி வந்தான். ரேசரின் மரை எவ்வளவு திருகினாலும் இறுகவில்லை. பரவாயில்லை, துபாய் போனதும் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.

துபாய் என்று நினைத்ததும் கன்னத்து நுரை குளிர்ந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ரசம் போன கண்ணாடிக்குள் ஒரு கடை மெல்லத் தெரிந்தது. கதவு தானாகவே திறந்தது. உள்ளே மீரான் வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். வியர்வை இல்லை, தோல் நாற்றம் இல்லை. வெளியே பேரீச்ச மரங்கள் சத்தமில்லாமல் ஆடுகின்றன. யாரோ மரியாதையாக, "வாங்க மீரான் பாய்" என்கிறார்கள். மீரான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான்.

ரேசர் கையில் இருந்தபோது தலையசைத்திருக்கக் கூடாது.

"யா அல்லாஹ்!"

சாயிரா ஓடி வந்தாள். தாடையில் கோடு போட்டாற்போல் ரத்தம். ஒரு கை மஞ்சள் தூளை அள்ளி அப்பினாள். ரத்தம் நின்றது. தாடை பூசணிக்காய் மாதிரி ஆனது.

"கழுவினாப் போயிரும்" என்றாள்.

கழுவினால் ரத்தம் வந்தது. மஞ்சளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மீசைக்கு வந்தான். ஓரத்தை மட்டும் லேசாக ஒதுக்கினால் போதும். இப்போது கண்ணாடிக்குள் விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நுரை நுரையாக மேகம். கீழே தாராவியின் தகரக் கூரைகள் தீப்பெட்டிகளாகச் சிறுத்தன. விமானம் இடது பக்கம் சாய்ந்தது. மீரானும் சாய்ந்தான்.

இடது மீசையில் பாதியைக் காணோம்.

சமப்படுத்த வலதைக் குறைத்தான். வலது கூடுதலாகக் குறைந்தது. இடதைக் குறைத்தான். கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு எறும்புகள் நின்றன. அவற்றையும் வழித்துவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் யாரோ முன்பின் தெரியாத ஆள், மஞ்சள் தாடையோடு அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"பாஸ்போர்ட் போட்டோவுல மீசை இருக்கே!" என்றாள் சாயிரா.

ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இந்த வாளிக்காகத்தான் துபாய் போக நினைத்தான்.

சாயிரா கண்மை டப்பியை எடுத்தாள்.

"அசையாதிய. சிரிக்கவும் கூடாது."

அவள் விரல் நுனி அவன் உதட்டுக்கு மேல் மெல்ல ஊர்ந்தது. மூச்சு அவன் முகத்தில் பட்டது. கலியாணமான புதிதில்கூட இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. துபாய் கொஞ்சம் தூரமாகப் போனது.

"அந்த ஊருல இதை யாரு வரைஞ்சு விடுவா?" என்றாள்.

"அதுக்குள்ள முளைச்சிரும்."

"முளைக்கட்டும். நான் அதைக் கேக்கல."

மஞ்சளை மறைக்க மீரான் முகம் முழுக்கப் பவுடர் அடித்துக்கொண்டு கிளம்பினான்.

செம்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மழை வலுத்திருந்தது. பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். மீசை கன்னத்துக்குப் போனது. பவுடர் கூழாகிக் கழுத்தில் இறங்கியது. ஆபீஸ் பெஞ்சில் அவன் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

சலாவுதீன் வந்தார். அவனைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்தார்.

"யாருப்பா நீ?"

"நான்தான் பாய், நாகூர் மீரான்."

"மூஞ்சி என்னடா ஆச்சு?"

"ஷேவ் பண்ணினேன் பாய்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. நானே பண்ணினேன்" என்றான் மீரான், கொஞ்சம் பெருமையாகவே.

சலாவுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "உள்ள இதைச் சொல்லிடாத. கேட்டா நாய் பிறாண்டிருச்சுன்னு சொல்லு" என்றார்.

"எதுக்கு பாய்? கடை வேலைக்கு..."

அதற்குள் உள்ளறைக் கதவு திறந்து பியூன் தலையை நீட்டினான்.

"சலூன் வேலைக்கு வந்திருக்கிற ஷேவிங் மாஸ்டர் நாகூர் மீரான் யாரு? சீக்கிரம் வாங்க, முதலாளி சோப்புப் போட்டு உக்காந்திருக்காரு!"