மூன்று தடவை வேண்டாம்

தூத்துக்குடியில் அந்தக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸின் பின்னறையில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர். அமெரிக்கச் சரக்குக் கப்பலின் அதிகாரி ஹட்சன். அவருக்கு அவசரமாக ஒரு சமையல்காரன் வேண்டும். சைகோனிலிருந்து வந்த அன்னாமியன் வின், அவனுக்குச் சமைக்கத் தெரியும். காயல்பட்டணம் ஜக்கரிய்யா, அவருக்குச் சமைக்கத் தெரியாது, இங்கிலீஷும் அன்னாமிய பாஷையும் தெரியும். வாசலில் ப்யூன் மாடக்கண்ணு. அவனுக்கு ஒரு பீடி கிடைத்தால் போதும்.

ஜக்கரிய்யாவின் கணக்கில் ஐந்தாவதாக ஒருத்தியும் இருந்தாள். சைகோனில் அவர் ஹாஜரா என்று பெயர் மாற்றி நிக்காஹ் செய்துகொண்டவள். வின்னுடைய அக்காள். அப்படி ஒருத்தி இருப்பது காயலில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நாற்பத்தொன்றில், "மூணே மாசம், வந்துடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தவரை யுத்தம் இங்கேயே கட்டிப்போட்டது. ஐந்து வருஷம். ஒரு கடிதாசி இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பிரெஞ்சுக் கப்பல் வின்னைக் காய்ச்சலோடு இங்கே இறக்கிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஜக்கரிய்யா கேட்ட முதல் கேள்வி, "அக்கா எப்படி இருக்கா?"

"உங்களையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், அண்ணன்" என்றான் வின்.

அன்றிலிருந்து அவனை ஊருக்கு அனுப்ப ஜக்கரிய்யா அலைந்தார். பயணிக் கப்பல் கிடையாது, வேலைக்காரனாக ஏறினால்தான் உண்டு. தம்பி போனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வர முடியும். இந்தக் கப்பல் சைகோன் போகிறது. விட்டால் அடுத்தது எப்போது என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

ஹட்சன் காப்பிக் குவளையை நீட்டினார். "காப்பி?"

"வேண்டாம்" என்றான் வின், தரையைப் பார்த்து.

ஹட்சன் அதைத் தானே குடித்தார். "சமைப்பாயா?"

"ஏதோ கொஞ்சம். வாயில் வைக்க விளங்காது."

ஜக்கரிய்யா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"கப்பலில் வர இஷ்டமா?"

"நான் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம்."

ஹட்சன் ஃபைலை மூடினார். "யோக்கியமான ஆள். அடுத்தவனைக் கூப்பிடு."

"சார், சார், பொறுங்க" என்றார் ஜக்கரிய்யா. "அவங்க ஊர் வழக்கம் வேற. மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும். முதல் தடவையே சரின்னா அவன் பறக்காவெட்டி. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றவன்தான் பெரிய கைகாரன். என்னைப் போல ஆள் இல்லைன்னு பீத்துறவன் அடுப்பையே பார்த்திருக்க மாட்டான். கண்ணைப் பார்த்துப் பேசினா மரியாதை கெட்டவன்."

ஹட்சன் ஒரு சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதற்கு விதி இருப்பது மாதிரி மனுஷனுக்கும் விதி இருக்கும் என்று நம்புகிற ஜாதி.

ஜக்கரிய்யா வின்னை வெளியே இழுத்துப் போனார். வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"தம்பி, இவங்க ஊர்ல அடக்கமா பேசினா கையாலாகாதவன்னு அர்த்தம். கண்ணைப் பாரு. உன்னை மாதிரி ஆள் இல்லைன்னு சொல்லு. கேட்டதும் சரின்னு சொல்லு."

"நான் போகவில்லை, அண்ணன்."

ஜக்கரிய்யா ஒரு விரலை மடக்கினார். "ஒண்ணு."

"இங்கேயே இருந்துவிடுகிறேன்."

"ரெண்டு."

"உண்மையாகவே வேண்டாம்."

"மூணு. மரியாதையெல்லாம் முடிஞ்சுது, உள்ள வா."

மாடக்கண்ணுவுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. ஆனால் வின்னோடு தினமும் பீடி பங்கு போடுகிறவன். துறைமுகத்தில் பொறுக்கிய அரைகுறைத் தமிழில் அவனிடம் வின் எல்லாம் பேசுவான்.

"மொதலாளி, பய மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. எதுக்கும் நல்லாக் கேட்டுக்கிடுங்க."

"பதினோரு வருசம் அந்த ஊர்ல குப்பை கொட்டுனவன் நான். அவங்க மூஞ்சிய நீ எனக்குப் படிச்சுக் காட்டுறியோ?"

"எனக்கென்னத்துக்கு" என்று மாடக்கண்ணு சுவரில் சாய்ந்துகொண்டான்.

மூத்தவர் சொன்னால் கேட்க வேண்டும் என்பது வின் வளர்ந்த விதம். உள்ளே போய் இமைக்காமல் ஹட்சனை முறைத்தான்.

"காப்பி?"

சொல் முடியுமுன் குவளை அவன் வாயில் இருந்தது.

"சமைப்பாயா?"

"சைகோனில் என்னைப் போல ஆள் கிடையாது."

ஹட்சன் நோட்டைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. "அடுப்பையே பார்க்காதவன். சரி, வருகிறாயா?"

"வருகிறேன்."

"முதல் தடவையே!" ஹட்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கண்ணைப் பார்த்து வேறு முறைக்கிறான். இவனை நான் என்ன அவமானப்படுத்தினேன்?"

"இல்ல சார், உங்க ஊர் மாதிரி பேசச் சொன்னது நான்தான்."

"அப்படியானால் முதலில் பேசியது?"

"அது அவன் ஊர் மாதிரி."

"இதில் எதுதான் அவன் பேசியது?"

ஜக்கரிய்யா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஹட்சன் அவரையே ஏற இறங்கப் பார்த்தார்.

"சைகோனில் எத்தனை வருஷம் இருந்தாய்?"

"பதினொண்ணு."

"சமைப்பாயா?"

"நானா? எனக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது சார்."

ஹட்சனின் கண் விரிந்தது. நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "கப்பலில் வருகிறாயா?"

"வேண்டாம் சார்."

ஹட்சன் ஒரு விரலை நிமிர்த்தினார்.

"சத்தியமா வேண்டாம்."

இரண்டு.

"துணிக்கடை வச்சிருந்தவன் சார் நான், வேண்டாம்."

"மூன்று" என்று சொல்லி ஹட்சன் ஒப்பந்தத் தாளில் முத்திரையைக் குத்தினார்.

நாலாவது தடவை சொல்ல வாயைத் திறந்த ஜக்கரிய்யா, திறந்தபடியே நின்றார். கேட்டு அலைந்த கப்பல். தானே போகலாம். தானே போய்க் கதவைத் தட்டலாம். வெந்நீர் போட வழியில் பழகிக்கொள்ளலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வின் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் போக வேண்டாம்."

ஜக்கரிய்யா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்ததால் தாடை வலித்தது. "ஒண்ணு."

"போக வேண்டாம், அண்ணன்."

"ரெண்டு."

வின் மறுபடி வாயைத் திறந்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். மூடிக்கொண்டு பிடியை விட்டான்.

"ரெண்டோட நிறுத்திட்டான் பாரு" என்றார் ஜக்கரிய்யா. "எட்டு மாசத்துல இந்த ஊர் அவனைக் கெடுத்துப்போட்டுது."

கையெழுத்துப் போட்டவர்களைப் படகு வரும்வரை பக்கத்து அறையில் பூட்டி வைப்பது அந்தக் கப்பலின் சட்டம். முந்தின இரண்டு சமையல்காரர்களும் கரையிலேயே ஓடிவிட்டார்களாம். மாடக்கண்ணு சாவிக்கொத்தோடு அழைத்துப் போனான். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பெஞ்சு, தண்ணீர்ப் பானை. ஜக்கரிய்யா மாப்பிள்ளை மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"ஏலே மாடக்கண்ணு, அந்தப் பயலைக் கொஞ்சம் பாத்துக்க. சொந்த ஊருக்குப் போன்னா, எதுக்கு அப்படி நின்னான்? அங்கன ஏதும் வம்பு கிம்பு பண்ணிட்டு வந்திருக்கானா?"

"வம்பெல்லாம் இல்ல மொதலாளி. இருந்தது ஒரே ஒரு அக்காளாம், அவளும் போன வருசம் குண்டு விழுந்து செத்துப் போயிட்டாளாம், பெறவு அங்கன யாரு மூஞ்சில போயி முழிக்கன்னு சொல்லுதான்" என்றான் மாடக்கண்ணு, கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுத் திருகிக்கொண்டே.