உங்கள் மருமகள் செய்த வைக்கோல் பலகை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் மாணிக்கவேல் அவர்களுக்கு வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பொள்ளாச்சியில் நீங்களும் அக்காவும் குறையில்லாமல் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வலது தோள் வீங்கியிருக்கும்போது பொய் எழுத வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் “ஹலோ மச்சான்” என்றாலே உங்கள் தங்கை கமலவேணி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே கடிதம்.

விஷயம் உங்கள் மருமகள் சத்யப்ரியாவைப் பற்றியது. ஒரகடத்தில் ஏ.சி. போட்ட ஆபீசில் உட்கார்ந்து கார் சீட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த பெண், தை மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து, “அப்பா, நான் வைக்கோல்ல பலகை செய்யப்போறேன்பா” என்றாள். ஏன் என்று கேட்டேன். “அம்மாவுக்கு” என்றாள். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. காரணம் உங்களிடம் நாங்கள் மறைத்த ஒன்று, மன்னிக்க வேண்டும். போன வருஷம் சித்திரையில் கமலவேணி தறியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். தறி இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே. மத்தியானத்தில் அது கூரையில்லை, அடுப்பு. ஃபேன் போட்டால் இழை காய்ந்து அறுகிறது என்று அணைத்துவிடுவாள். டாக்டர், வெயில் நேரத்தில் வேலை செய்யக்கூடாது என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளே குழியில் இறங்கிவிட்டாள். நான் செய்தது ஒரு மண்பானை வாங்கி வைத்ததுதான். மகளுக்கு அது போதவில்லை; ஷீட்டுக்கு அடியில் பலகை மாட்டிச் சூட்டைத் தடுக்கப்போகிறாளாம்.

ஓரிக்கைப் பக்கத்து விவசாயி சின்னப்பையன் ஒரு டிராக்டர் நிறைய வைக்கோல் கொடுத்தார். அறுப்பு முடிந்ததும் வயலிலேயே கொளுத்திவிடுவாராம். இனிமேல் எங்கள் தெருவில் கொட்டிவிடுவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். தெரு அடைந்துபோய் ஆட்டோக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். வைக்கோலை நறுக்கி, டிரம்மில் ஊறப்போட்டு, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியையே பசையாக ஊற்றி அழுத்திப் பலகை செய்தாள். நான்காம் நாள் நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டு துர்காதேவி வந்து, “இன்னா அண்ணே, எலி எதுனா செத்துக் கெடக்குதா?” என்று கேட்டது. பத்தாம் நாள் மொட்டை மாடிக்குப் போனால், முக்கால்வாசிப் பலகைகளில் காளான் முளைத்திருக்கிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். துர்காதேவி இது குழம்புக்கு ஆகுமா என்று விசாரித்துவிட்டுப் போனது.

காளான் வராத மூன்று பலகைகளை வாசல் சுவரில் சாத்தி வைத்தாள். விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு தனசேகரனுடைய பசு மூன்றாவதை மென்றுகொண்டிருக்கிறது. வைக்கோலும் கஞ்சியும் கலந்து வைத்தால் மாடு என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் தனசேகரன் வந்து, “மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா யாரு ஜவாபு சொல்றது?” என்று என் சட்டையைப் பிடித்துவிட்டான். அது ஒழுங்காகச் சாணி போடும்வரை நானும் அவனும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் காவல் இருந்தோம். மத்தியானம் போட்டது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் பசு தானாகவே எங்கள் வாசலில் வந்து நின்றது.

சத்யா அழவில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “சுண்ணாம்பு சேக்கணும்பா” என்றாள். அரிசி மில்லிலிருந்து உமியும் வந்தது. இந்த முறை பலகை கெட்டியாக வந்தது. பசு முகர்ந்து பார்த்து அவமானப்பட்டதுபோல் போய்விட்டது. பிறகு மாடியில் பலகையை நிறுத்தி, கேஸ் டார்ச்சால் நெருப்பு வைத்தாள். நான் என்ன நினைப்பேன்? ஒரு பக்கெட் தண்ணீரைப் பலகைமேலும் அவள்மேலும் ஊற்றினேன். “அய்யோ அப்பா! அரை மணி நேரம் தாங்குதான்னு பாத்துக்கினு இருக்கேன், பத்து நிமிஷத்துல கெடுத்துட்டியே!” என்று கத்தினாள். மறுநாள் என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சோதித்தாள். மேலே கருகியது, தீப்பிடிக்கவில்லை.

அப்படியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி தலைக்குமேல் வைக்கோலைத் தொங்கவிடச் சொல்கிறாயா என்று கூச்சல் போட்டேன். கமலவேணி இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “என் தலைக்கு மேலதானே வரப்போவுது? உனுக்கு இன்னா? நீ மாட்டு சத்யா.”

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். ஒரு பலகை என் தோளில் விழுந்தது, வீக்கம் அதனால்தான். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வழக்கமாக அந்த நேரத்துக்கு அவள் முகம் கழுவ வெளியே வந்துவிடுவாள். வரவில்லை. தறிச் சத்தமும் இல்லை. மச்சான், மறுபடி மயங்கிவிட்டாளோ என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அறுந்த இழையை முடிந்துகொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறாள். நெற்றிப் பொட்டுகூடக் கரையவில்லை. நிமிராமலே சொன்னாள்: “கதவ சாத்து, சூடு உள்ள வருது.” நான் பின்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சத்யா பார்த்துவிட்டாள். உமித்தூசி என்றேன்.

நிற்க. அறை குளிர்ந்தது வாஸ்தவம். அதற்காகப் படித்த பெண் நல்ல வேலையை விட்டுவிட்டுக் கை வெந்துபோகச் சுண்ணாம்பு பிசைவதா? தாய்மாமன் நீங்கள் சொன்னால் கேட்பாள். உடனே புறப்பட்டு வந்து, பலகை போதும், வேலைக்குத் திரும்பு என்று கண்டித்துச் சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்குக் காமாட்சியம்மன் குங்குமத்தோடு எங்கள் ஆசியையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தோள்வலியுடன் தங்கள்
வேலாயுதம்

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் துர்காதேவி மறித்து, “எங்க தறி ரூமுக்கும் மாட்டிக் குடுங்கண்ணே” என்றது. வாய் தவறிச் சரி என்றுவிட்டேன். அதற்குள் இன்னும் நான்கு வீட்டுக்காரர்கள் கூடிவிட, அவர்களுக்கும் சரி என்றுவிட்டேன். சத்யாவுக்கு இன்னும் தெரியாது. வைக்கோல் நறுக்கும் ஆளாக நான் நாளையிலிருந்து இறங்குகிறேன். ஆகையால் கண்டிப்பதெல்லாம் வேண்டாம். உங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவு சும்மா கொட்டிக் கிடக்கிறதாமே, பலகையில் கலந்து பார்க்க, வரும்போது நான்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வரவும்.