தங்களை ஏற்றிக்கொண்டே தங்கள் காரை இடித்தது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கைக்கு வரும் வேளையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கள் இடுப்பு தனியாகச் சுகமாக இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். மனதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒட்டிய தபால்தலை போதாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். தாங்கள் “ஹலோ” என்றதும் வைத்துவிட்டேன். பேசாமல் மூச்சு மட்டும் விட்ட அந்த ஆள் நான்தான். தாங்கள் பார்த்தது கடைசிக் காட்சி மட்டும். முன்னால் நடந்ததும் தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும் என்று நம்பிப் பேனாவை எடுத்தேன். இப்போது யோசித்தால் கூடத்தான் செய்யும் போலிருக்கிறது. எடுத்துவிட்டேன், எழுதுகிறேன்.

தங்கள் மரக்கடையின் பின்பக்கம் அந்தப் பழைய ராணுவ லாரி நின்றதை நான் முதலில் பார்த்தது நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று. எல்லோரும் உள்ளே பேசிக்கொண்டிருக்க, கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போனவன் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தேடிக்கொண்டு வந்த தாங்கள், “எங்கப்பா ராணுவ ஏலத்துல எடுத்தது சம்பந்தி. மரம் ஏத்தியே ஓய்ஞ்சு போச்சு. இப்ப கோழி முட்டை வைக்கத்தான் ஆகுது” என்றீர்கள். “எங்கிட்ட குடுங்க, புதுசு மாதிரி ஆக்கிக் காட்டறேன்” என்று சொன்னது என் வாய்தான், ஆனால் என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. சம்பந்தி, நான் பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலம் முழுக்க விசில் ஊதியது நான், வண்டியை எடுத்தது வேறொருவர். முன் கண்ணாடி வழியாகச் சாலை எப்படித் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் பயணிகளின் பின்னந்தலை. அப்படிப்பட்டவன் கையில் தங்கள் அப்பாவின் லாரியைத் தாங்கள் நம்பிக் கொடுத்தீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போக ஆளும் அனுப்பினீர்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

லாரி வீட்டுக்கு வந்தது. ஷெட்டுக்குள் போகவில்லை. உயரம் அளந்து பார்த்துத்தான் கொண்டுவந்தேன், ஆனால் அளந்தது கதவை, லாரியை அளக்கவில்லை. வேறு வழியில்லாமல் கதவின் மேல்சட்டத்தையும் கூரைத் தகடுகளையும் கழற்றினேன். “வண்டியை வெயில்ல விடக்கூடாதுன்னு உள்ள கொண்டாந்து, உள்ள கொண்டாரதுக்காகக் கூரையப் பிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் என் மனைவி. அடுத்து மழை பிடித்துக்கொள்ள, நான் நனைந்துகொண்டே இன்ஜினுக்குக் குடை பிடித்து நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னிடம் மிகவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போலப் பேசுகிறார். மழைக்குப் பயந்து கழற்றிய சாமான்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ரேடியேட்டர் கூடத்தில், கார்பரேட்டர் அலமாரியில், கியர் பெட்டி கட்டிலுக்கடியில். சின்னச் சாமான்களைப் போட்டுவைக்க டப்பா இல்லாமல் சமையலறை டம்ளர்களில் கைவைத்தேன். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவருக்கு என் மனைவி மரியாதைக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, டம்ளரின் அடியில் கிடந்த வாஷரை எடுத்து மேசைமேல் வைத்து, “இது உங்களோடதுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர். வாஷரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போது சொன்னது தப்பு. அன்று சாயங்காலத் தேநீரை நானே போட்டுக்கொண்டேன்.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஊரே ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். வருவார், குனிந்து பார்ப்பார், எதைக் கேட்டாலும் “மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்பார். அவரும் நானும் மாட்டிப் பார்த்தோம், கழற்றிப் பார்த்தோம், இன்ஜின் ஒருநாள் இருமியது, இன்னொரு நாள் நிஜமாகவே ஓடியது. அன்று நான் குழந்தை மாதிரி அழுதேன் என்று என் மனைவி சொல்கிறாள். புகை என்று நான் சொன்னேன். பின்பக்கத்துத் தார்ப்பாயை அவள்தான் தன் தையல் மெஷினில் தைத்தாள். ஊசி ஊசியாக உடைந்தது, முணுமுணுக்கவில்லை. தைத்துக்கொண்டே தலை நிமிராமல், “இது ஓடுச்சுன்னா எங்கங்க போறது?” என்று கேட்டாள். “மொதல்ல ஓடட்டும்” என்றேன். சம்பந்தி, தினமும் கடைசி நிறுத்தத்தின் பேரைக் கூவி எல்லோரையும் இறக்கிவிட்டு, அங்கிருந்தே திரும்பி வந்தவன் நான். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை; அவளை அந்த நிறுத்தம் வரைகூடக் கூட்டிப் போனதில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு ஊர்ப் பேரையாவது சொல்லியிருக்கலாம். அது இப்போது கார் இடித்ததைவிட அதிகமாகக் குத்துகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை. “கியர் பெட்டியை நீங்களா மாட்டாதீங்க, திங்கக்கிழமை நான் வந்து மாட்டறேன்” என்று ஸ்பேனர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். தாங்களோ ஞாயிறு வருகிறீர்கள். தங்கள் அப்பாவின் லாரியில் தங்களை ஏற்றி வாசல் கேட் வரைக்குமாவது ஓட்டிக்காட்ட வேண்டும் என்று ஆசை கண்ணை மறைத்தது. நானே மாட்டினேன். உள்ளே ஒரு துண்டு தலைகீழாகப் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பின்னால் நாற்காலி போட்டு, தாங்களும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்து, தாங்கள் அந்த மரப்பலகையைத் தடவிப் பார்த்து, “எங்கப்பா பாத்திருக்கணும்” என்று சொன்னது முன்னால் இருந்த என் காதில் விழுந்தது. அந்தப் பூரிப்பிலேயே முதல் கியரைப் போட்டேன். லாரி பின்னால் போனது. பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது பிரேக் இல்லை. பின்னால், லாரியை ஆள் வைத்து வெளியே தள்ளிய பிறகு ஷெட் வாசலில் நானே நிறுத்தச் சொன்ன தங்கள் புதுக் கார். ஒருவரை ஏற்றிக்கொண்டே அவர் காரை இடித்தவன் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறேன்.

தாங்கள் திட்டியிருக்கலாம். தாங்கள் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காரைப் பார்த்துவிட்டு, “பரவால்ல சம்பந்தி” என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்ட இலையில் உட்காராமல் ஆட்டோ பிடித்துப் போனீர்கள். சம்பந்தியம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கப் போனார்கள். நான் ஒரு பெண்மணியை அழவைத்துவிட்டேனே என்பது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மறுநாள் மகள் கூப்பிட்டாள். “அப்பா, நான் இங்க எப்படித் தலை நிமிந்து நடக்கறது? இனிமே அந்த வண்டியில கை வெச்சீங்கன்னா நான் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்” என்றாள். பெற்ற பெண் சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை.

ஆகவே லாரியைத் தங்களிடமே திருப்பி ஒப்படைக்க முடிவு செய்துவிட்டேன். சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். தங்கள் கடை ஆட்களை அனுப்பி இழுத்துப் போகச் சொல்லவும். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். அது போவதைப் பார்க்கத் தெம்பில்லை. என்னால் ஆகாத காரியத்தை ஏற்றுக்கொண்டேன், என் மனைவியின் வீட்டைக் குப்பைமேடாக்கினேன், தங்கள் மனதை நோகடித்தேன். பெரிய மனது செய்து மன்னிக்கவும். குழந்தைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவின் காலில் விழுந்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணா, இதற்கு மேல் எழுதுவது உங்கள் சம்பந்தியின் மனைவி. தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். உறை ஒட்டவில்லை, அதனால் படித்தேன். ஒட்டியிருந்தாலும் படித்திருப்பேன். சாவியை வெளியே எடுத்துவிட்டேன், ஆட்களை அனுப்ப வேண்டாம். நேற்று இவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் ஸ்பேனரைக் கூப்பிட்டு அந்தத் துண்டைத் திருப்பி மாட்டவைத்தேன். லாரி இப்போது முன்னால் போகிறது. ஷெட்டிலிருந்து கேட் வரை ஓட்டிப் பார்த்தது நான். கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டு டிராக்டர் என் கையில்தான் இருந்தது. இவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், வந்ததும் புறப்படலாம். மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். அண்ணி அன்று அழவில்லை. காலையில் போன் செய்து, வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததே இல்லை என்று மறுபடியும் சிரித்தார்கள். அடுத்த தடவை முன்னால்தான் உட்காருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நீங்களும் இவரும் பின்னால் பிடித்துக்கொண்டு உட்காரும்படி இருக்கும்.