கவிதையில் ஒட்டிய ஏழு அம்பு

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மகள் சுமதி எழுதிய கட்டுரையைக் காலேஜில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அவளுக்குக் காய்ச்சல். பி.ஏ. தமிழ் இலக்கியம், முதல் வருசம்.

"பன்னண்டு மணிக்குள்ள கொடுத்தரோணும்ப்பா. இதுலயும் மார்க் போச்சுன்னா இன்டர்னல்ல ஃபெயிலு" என்றாள்.

"நீ படு கண்ணு. ஒரு பேப்பர் குடுக்கறது என்ன பெரிய வித்தையா?"

கிளம்பிவிட்டேன்.

அந்தக் காலேஜ் மேடத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. போன கட்டுரைக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டிருந்தார். கீழே "ஆழம் போதாது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்!

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் பனியன் கம்பெனியில் முப்பது வருசமாகச் செக்கிங் பார்க்கிறேன். ஒரு பீஸைக் கழித்தால், குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டியாக வேண்டும். மொத்தமாகச் "சரியில்லை" என்று வீசினால் தைத்தவன் என் சட்டையைப் பிடிப்பான்.

எங்கே ஆழம் போதாது? எத்தனை இஞ்சு போதாது? நாலு மாசமாக மனசில் வைத்திருக்கிறேன்.

அவிநாசியில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. சனியும் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

ஃபைலைத் திறந்தேன். மேலே அச்சடித்த தாளில் எட்டு வரிக் கவிதை. "கூர்ந்து படித்து, கண்ணில் பட்ட இடங்களைக் குறித்து விளக்குக" என்று கீழே போட்டிருந்தது. சுமதி பென்சிலில் மூன்று கோடு இழுத்து, தனியே இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

தாளைக் கொடுத்தது மேடம். அப்படியானால் கவிதை எழுதினதும் மேடம்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்!

படித்தேன். அடடா!

"கதவு" மூன்று இடத்தில் வருகிறது. தையல் மேல் தையல். ஒரு வரியில் மழை, அடுத்த வரியில் வெயில். ஷேடு மாறிவிட்டது. இன்னொரு வரியில் ஒரே ஒரு வார்த்தை. அளவு குறைவு. நடுவில் "அவள்" என்கிறது, எவள் என்று இல்லை. லேபிள் இல்லாத பீஸ்! கடைசி வரி பாதியில் நிற்கிறது. நூல் தொங்குகிறது!

ஸ்டிக்கர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். "குறை சொல்றதுன்னா இப்படிச் சொல்லோணும் தாயே!" என்று ஒட்டினேன். மொத்தம் ஏழு அம்பு.

திருப்பூர் வருவதற்குள் கோபம் ஆறிவிட்டது. ஐயோ, இது புள்ளையோட மார்க்காச்சே!

ஒன்றை உரித்தேன். துணியில் பூ மாதிரி உரிந்து வரும் ஸ்டிக்கர், தாளில் ஒரு "கதவை"யே பெயர்த்துக்கொண்டு வந்தது. அப்படியே திரும்ப ஒட்டி அமுக்கினேன்.

காலேஜில் மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று போனால், மேசைக்குப் பின்னால் மேடமே உட்கார்ந்திருந்தார்!

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் என்னங்க?"

"சுமதி ஒட்டுனதுங்க." வாய் கூசாமல் சொன்னேன்.

"'அவள்' மேல எதுக்குங்க அம்பு?"

"யாருன்னே சொல்லலீங்களே? லேபிள் இல்லீங்க."

"கடைசி வரியில?"

"முடிச்சே போடலீங்க. இப்படித் தொங்க விட்டா எந்த பையர் வாங்குவான்?"

"'கதவு'?"

"ஒருக்கா சொன்னாப் பத்தாதுங்களா? மூணு தடவை போட்டிருக்கீங்களே, எதுக்குங்க?"

மேடம் சிரித்துவிட்டார். "கவிதை நான் எழுதலைங்க. இதை ஒட்டுனது சுமதியும் இல்லைங்க."

மாட்டிக்கொண்டேன். நாலு மாசம் அடைத்து வைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நான்தானுங்க! புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, அவ மார்க்குல கை வெச்சுடாதீங்க. ஆனா ஆழம் போதாதுன்னு எழுதுனீங்களே, எங்கேன்னு காட்டுனீங்களா?"

மேடம் ஏழு அம்பையும் விரல் வைத்து எண்ணினார்.

"காட்டலைதானுங்க" என்றார் மேடம். "அவ எழுதினதை நான் வெச்சுக்கறேன். குறிக்கறதுக்குப் புதுத் தாள் தர்றேன். அவளே குறிச்சுத் திங்கக்கிழமை கொடுக்கட்டும். இந்தத் தாளும் எனக்கு வேணுங்க."

தப்பித்தோம் என்று வீடு வந்து சேர்ந்தேன். பழைய தாள் பஸ்ஸில் கிழிந்துவிட்டது என்று சுமதியிடம் புளுகிப் புதுத் தாளைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேடம் சுமதியின் பென்சில் கோட்டை அழித்துவிட்டு, என் தாளை வகுப்பில் மாட்டி, "இந்த ஏழு இடத்துக்கும் ஆளாளுக்கு விளக்கம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டாராம். நாற்பது பேருக்கும் புதுசாக ஒரு கட்டுரை!

சுமதி பத்தொன்பது வாங்கிப் பாஸாகிவிட்டாள். அதற்காக அந்தப் பதினொன்றை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"அம்பு ஒட்டுனவன் எவன்டீ, கையில கிடைச்சா தொலைஞ்சான்" என்று வகுப்பே கறுவுகிறதாம். என் மகளும் சேர்ந்து கறுவுகிறாளாம்.